ஸ்கேனில் தெரியாத சிதைவு

பக்கவாதம் தாக்கி ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். வலது கையைத் தூக்க முடியவில்லை, வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. அவசரமாக எடுத்த சி.டி. ஸ்கேன் திரையில் வருகிறது. படத்தில் பெரும்பாலும் எந்தக் குறையும் தெரியாது. உள்ளே ஒரு ரத்தக் குழாய் அடைபட்டு, அது ஊட்டிவந்த திசு நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது; படமோ கிட்டத்தட்ட நார்மலாக இருக்கிறது. இந்த நேரத்து ஸ்கேனைப் பார்த்து அனுபவம் முதிர்ந்த ரேடியாலஜிஸ்டுகளே ஆளுக்கொரு கருத்துச் சொல்வதுண்டு. செயற்கை நுண்ணறிவு மருத்துவத்துக்குள் நுழைந்தபோது முதலில் வேலை கிடைத்த இடங்களில் பக்கவாதமும் ஒன்று. அதற்கு இந்தச் சிக்கல்தான் முக்கியக் காரணம்.

படத்தில் ஏன் தெரிவதில்லை? சி.டி. ஸ்கேனை நாம் படமாகப் பார்த்தாலும் அடிப்படையில் அது ஓர் எண் அட்டவணை. அதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை இந்த முறையில் படமெடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் 80க்கு 80 கட்டங்கள். இன்றைய ஸ்கேனில் ஒரு குறுக்குவெட்டுக்கு 512க்கு 512 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துத் திசு எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு 1000 அல்லது அதற்கும் மேல். இவ்வளவு நீண்ட அளவுகோலில் மூளைக்குக் கிடைத்திருப்பது மிகக் குறுகிய இடம். சாம்பல் நிறத் திசு 35 முதல் 40 வரை, வெண்ணிறத் திசு 25 முதல் 30 வரை.

மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அந்த இடம் 50, 60, 70 என்று ஏறிப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அதிகச் சிரமம் இல்லை. அடைப்பால் வரும் பக்கவாதம் அப்படி இல்லை. ரத்தம் நின்றுபோன திசு மெல்ல நீரை உறிஞ்சுகிறது. நீரின் அளவு 1 சதவீதம் கூடினால் அந்த எண் சுமார் 2.5 குறையும். அதாவது 37 இருந்த இடத்தில் 34. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அவ்வளவே. சாம்பல் நிறத் திசு வெண்ணிறத் திசுவைப் போல ஆகி, இரண்டுக்கும் இடையே இருந்த எல்லை மங்கும். நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், மூளையின் பக்கவாட்டுப் பிளவுக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற மடிப்பில் இந்த மங்கல் முதலில் தெரிவதுண்டு. தேர்ந்த மருத்துவர் இடது இன்சுலாவையும் வலது இன்சுலாவையும் மாறி மாறிப் பார்ப்பார். படத்தின் பிரகாச வரம்பைக் குறுக்கிக் குறுக்கிப் பார்ப்பார். 2000-ஆம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள், பெயர் ஆஸ்பெக்ட்ஸ். மூளையின் நடுத் தமனி ஊட்டும் பரப்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, சேதம் தெரியும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பெண் கழிக்க வேண்டும். முறை எளிது. ஆனால் ஒரே படத்துக்கு ஒருவர் 9 தருவார், இன்னொருவர் 7 தருவார்.

அந்த இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவருடைய சிகிச்சையே மாறிவிடக்கூடும். குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பலன் தரும் என்று 1995-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. நோய் தாக்கிய 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2008-இல் அந்த வரம்பு 4.5 மணி நேரமாக நீண்டது. 2015 வாக்கில் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் இன்னொரு வழியை உறுதிசெய்தன: தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி, மூளைக்குள் அடைத்திருக்கும் கட்டியையே வெளியே இழுத்துவிடுவது. எதைச் செய்வதானாலும் மருத்துவர் ஸ்கேனிடம் கேட்கும் கேள்விகள் இவை. ரத்தக்கசிவு இருக்கிறதா? எந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது? எவ்வளவு செத்துவிட்டது? எவ்வளவு இன்னும் காப்பாற்றக்கூடியது? ரத்தக்கசிவு இருப்பவருக்குக் கரைக்கும் மருந்து போட்டால் உயிரே போகலாம் என்பதால் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் யாரும் ஊசியைத் தொடமாட்டார்கள். யோசித்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை. பெரிய குழாய் அடைபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் அழிவதாக 2006-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ஒரு மணி நேரத் தாமதம் மூளைக்கு 3.6 ஆண்டு முதுமையைக் கூட்டிவிடுகிறதாம்.

இப்போது கணினிக்கு வருவோம். 37-க்கும் 34-க்கும் உள்ள வித்தியாசம் மனிதக் கண்ணுக்குச் சாம்பல் நிறத்தின் இரண்டு நெருங்கிய சாயல்கள். கணினிக்கு அவை இரண்டு வேறு எண்கள். ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் போதாது. இயல்பான மூளையிலேயே எண்கள் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும். வயதானவர் மூளை வேறு, இளைஞர் மூளை வேறு. தலை சற்றுச் சாய்ந்திருந்தாலே இருபக்கமும் ஒத்துப்போகாது. எந்த ஏற்ற இறக்கம் நோய், எது இயல்பு என்று கணினிக்கு யாராவது காட்டித் தர வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள், அதுவும் கையால். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூக்-லெய் லியூ தலைமையில் உருவான அட்லஸ் என்ற தரவுத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். உலகின் பல ஆய்வுக்கூடங்களிலிருந்து பக்கவாத நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களைத் திரட்டி, பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு படத்தையும் அடுக்கு அடுக்காகத் திறந்து, செத்த திசுவின் விளிம்பைச் சுட்டியால் சுற்றி வரைந்தார்கள். 2018-இல் 304 படங்களோடு வெளிவந்த இந்தத் தொகுப்பு, 2022-இல் 1,271 ஆக வளர்ந்தது. இன்று பல நாட்டு ஆய்வாளர்களின் நிரல்கள் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பழகுகின்றன. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சில் இப்படி உட்கார்ந்து வரைந்தவர்களின் உழைப்பு வெளியே தெரிவதே இல்லை. சேதம் என்றால் என்ன என்று கணினிக்குச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்.

வரைந்த படங்கள் கிடைத்த பிறகு பயிற்சி தொடங்குகிறது. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் செயற்கை நரம்பு வலையமைப்பு யு-நெட். 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 3க்கு 3 கட்டமுள்ள சிறு சல்லடைகள் படத்தின் மேல் நகர்ந்து நகர்ந்து விளிம்பு, மங்கல், திட்டு ஆகியவற்றைப் பொறுக்கியெடுக்கும். படிப்படியாகப் படத்தைச் சுருக்கி, பரந்த சூழலைப் பார்க்கும்: இது இன்சுலாவா, மண்டையோட்டின் ஓரமா, எதிர்ப்பக்கம் எப்படி இருக்கிறது? பிறகு படத்தைப் பழைய அளவுக்கு விரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘சேதம்’ அல்லது ‘நலம்’ என்று விடை தரும். முதலில் எல்லாம் தவறாகவே வரும். மனிதர் வரைந்த கோட்டோடு ஒப்பிட்டு, பிழையின் அளவுக்கேற்ப உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய, விடை கோட்டை நெருங்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மூளையின் கனஅளவு சுமார் 1,300 மில்லிலிட்டர். சேதம் 13 மில்லிலிட்டர் என்றால் அது வெறும் 1 சதவீதம். படிக்காமலேயே ‘எங்கும் சேதம் இல்லை’ என்று ஒரு நிரல் சொன்னால், கட்டங்களின் கணக்கில் அது 99 சதவீதம் சரி! ஆகவே ‘99 சதவீதத் துல்லியம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் எதில் 99 என்று கேட்க வேண்டும். ஆய்வாளர்கள் இதற்கு டைஸ் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். மனிதர் 20 மில்லிலிட்டர் குறித்திருக்கிறார், கணினியும் 20 குறித்திருக்கிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவது 15 மட்டும் என்றால் டைஸ் மதிப்பு 0.75. முழுக்கப் பொருந்தினால் 1, துளியும் பொருந்தாவிட்டால் 0. ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் தனித்தனியே வரைந்தாலும் 1 வராது. மூளைத் தண்டில் உண்டாகும் மிகச் சிறிய சேதம் ஒருவரை முழுக்க முடக்கிவிடக்கூடும்; ஆனால் மொத்தக் கணக்கில் அதன் பங்கு மிகக் குறைவு என்பதால், அதைத் தவறவிட்ட நிரலும் நல்ல சராசரியோடு தப்பித்துவிடும். சராசரி மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒரு நிரலை நம்பக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

கணினிக்கு இன்னொரு வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தொழில்நுட்பத்தின் மிக அழகான பகுதி அதுதான். 1990-இல் மைக்கேல் மோஸ்லியும் சக ஆய்வாளர்களும் பூனைகளின் மூளையில் ரத்த ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது, நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ., சேதத்தை மிக விரைவிலேயே பளிச்சென்று காட்டியது. மனிதர்களிலும் அது நிமிடக் கணக்கில் தெரியும். ஆனால் எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் நள்ளிரவில் கிடைப்பதில்லை. அவசரத்துக்குக் கை கொடுப்பது சி.டி. ஆகவே ஆய்வாளர்கள் இரண்டும் எடுத்துக்கொண்ட நோயாளிகளைத் தேடினார்கள். எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகத் தெரிந்த சேதத்தை அதே ஆளின் மங்கலான சி.டி. படத்தின் மேல் பொருத்தி, ‘இதோ இந்த இடம்தான், இங்கே பார்’ என்று கணினிக்குக் காட்டினார்கள். இரவுப் பணியில் ஒரு சி.டி.யைப் பார்த்து முடிவு சொன்ன மருத்துவருக்கு, தான் சொன்னது சரியா என்று அடுத்த நாள் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அபூர்வம். கணினியோ பின்னால் தெரியவந்த உண்மையை வைத்துக்கொண்டே, ஆயிரக்கணக்கான முறை முதல் படத்துக்குத் திரும்பிப் போகிறது.

எவ்வளவு செத்தது என்பதைவிட எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கடினமான கேள்வி. வாய்க்கால் உடைந்துவிட்டால் கடைமடை வயல் காய்ந்துபோகும். பக்கத்துக் கிளை வாய்க்காலில் கொஞ்சம் நீர் கசிந்து வரும் வயல்களோ வாடினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். மூளையிலும் அடைப்பின் மையம் சீக்கிரம் சாகிறது, சுற்றுப்பகுதி கிளைக் குழாய்களின் தயவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை அளக்க, கையின் ரத்தக் குழாயில் சாயமருந்தைச் செலுத்தி, மூளையின் அதே பகுதியைச் சுமார் ஒரு நிமிடம் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். சாயம் ஒவ்வொரு கட்டத்துக்கும் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஆல்பர்ஸும் ரோலண்ட் பாமரும் உருவாக்கிய ராபிட் என்ற மென்பொருள், ரத்த ஓட்டம் இயல்பில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தைச் செத்த மையம் என்றும், சாயம் வந்துசேர 6 விநாடிக்கு மேல் தாமதமான இடத்தை ஆபத்திலுள்ள பகுதி என்றும் நிறம் தீட்டித் தந்தது. நேர்மையாகச் சொன்னால் இது யு-நெட்டைப் போலப் படங்களைப் பார்த்துப் பழகும் ஆழ்கற்றல் வகையைச் சேர்ந்ததில்லை, எல்லைக்கோடு வைத்த கணக்குதான். இன்று எல்லாமே செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்தக் கணக்கு கடிகாரத்தையே மாற்றியது. 6 முதல் 24 மணி நேரம் கடந்துவிட்ட நோயாளிகளை இந்த மென்பொருளின் துணையோடு தேர்ந்தெடுத்துக் கட்டியை அகற்றிய ‘டான்’ ஆய்வில், 90 நாள் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் 49 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். 2018-இல் வெளிவந்த ‘டிஃப்யூஸ் 3’ ஆய்வில் 45-க்கு 17. நேரம் தாண்டிவிட்டது என்று கைவிடப்பட்டிருக்கக்கூடியவர்கள் இவர்கள்.

அதே 2018-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு விஸ்.ஏஐ நிறுவனத்தின் மென்பொருளுக்கு அனுமதி அளித்தது. சாயமேற்றிய சி.டி.யில் பெரிய குழாய் அடைப்பு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அது உடனே நரம்பியல் நிபுணரின் கைபேசிக்குத் தகவல் அனுப்பிவிடும். படம் எடுத்த பிறகு அது வரிசையில் காத்திருப்பது, யாரோ திறந்து பார்ப்பது, அவர் இன்னொருவரைத் தொலைபேசியில் தேடுவது எல்லாம் சேர்ந்துதான் நேரத்தைத் தின்கின்றன. ஹூஸ்டன் பகுதியின் நான்கு மருத்துவமனைகளில் 243 நோயாளிகளிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து கட்டியை அகற்றும் சிகிச்சை தொடங்கும்வரை ஆகும் நேரம் சுமார் 11 நிமிடம் குறைந்தது. சேவரின் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் அது இரண்டு கோடி நியூரான்களுக்கு மேல்.

இந்தியாவில் இந்த முயற்சி ரத்தக்கசிவிலிருந்து தொடங்கியது. மும்பையின் க்யூர்.ஏஐ ஆய்வாளர்கள் நாட்டின் சுமார் 20 மையங்களிலிருந்து 3,13,318 தலை ஸ்கேன்களைத் திரட்டி, ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, மூளையின் நடுக்கோடு நகர்ந்திருப்பது போன்றவற்றைக் கண்டறியும் நிரல்களைப் பயிற்றுவித்து, 2018-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். சோதனைக்குப் பயன்படுத்திய 491 ஸ்கேன்களை உலகில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தும் வைத்தார்கள். இது பெரிய காரியம். மேலை நாடுகளைவிட நம் நாட்டுப் பக்கவாதங்களில் ரத்தக்கசிவின் பங்கு அதிகம். அதோடு நாடாப்புழு முட்டையாலும் காசநோயாலும் மூளையில் உண்டாகும் கட்டிகள் இங்கே சாதாரணமாகக் காணக்கூடியவை. அவை ஆறிச் சுண்ணாம்பேறிய பிறகும் சி.டி.யில் சிறு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அத்தகைய மூளைகளை அதிகம் பார்த்திராத ஒரு நிரல் அந்தப் புள்ளியைப் புது ரத்தம் என்று எண்ணினால், கரைக்கும் ஊசி கிடைக்க வேண்டியவருக்கு அது மறுக்கப்படலாம். வெளிநாட்டில் நன்றாக வேலை செய்கிறது என்பதை மட்டும் நம்பி ஒரு மென்பொருளை வாங்கி வைப்பது போதாது. நம் நோயாளிகளிடம் சோதித்த முடிவை ஒவ்வொரு மருத்துவமனையும் கேட்டு வாங்க வேண்டும்.

வேறு பலவீனங்களும் உண்டு. மூளையின் பின்பகுதியில் கெட்டியான எலும்புகளுக்கு இடையே சி.டி. படம் கோடு கோடாகக் கலங்கும். சிறுமூளை, மூளைத் தண்டுச் சேதங்களை அங்கே கணினியும் கோட்டைவிடும். நோயாளி தலையை ஆட்டினால் குழப்பம். பழைய பக்கவாதத்தின் தழும்பைப் புதியது என்று காட்டுவதும் நடக்கும். ‘ஒன்றும் தென்படவில்லை’ என்று திரையில் வந்தால், நோயாளியின் கை விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்த மருத்துவர் கையையே நம்ப வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது 2022, 2023-இல் நடந்த திருப்பம். அதுவரை மையம் மிகப் பெரிதாகச் செத்துவிட்டது என்று மென்பொருளோ மதிப்பெண்ணோ சொன்னால், கட்டியை அகற்றிப் பயனில்லை என்று விட்டுவிடுவது வழக்கம். ஜப்பான், சீனா ஆகிய நாடுகளிலும், அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்த குழுவிலும் இப்படிப்பட்டவர்களுக்கே கட்டியை அகற்றிப் பார்த்தார்கள். மூன்றிலும் பலன் தெரிந்தது. அந்தப் பன்னாட்டு ஆய்வான ‘செலெக்ட் 2’-இல் சுதந்திரமாக வாழும் நிலைக்கு வந்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதம், பெறாதவர்களில் 7 சதவீதம். கணினி அளந்த எண்ணில் தவறில்லை. அந்த எண்ணுக்கு மேல் போனால் கைவிடலாம் என்று நாம் போட்ட கோடுதான் தவறாக இருந்தது. திரையில் நிறம் தீட்டப்பட்ட பகுதி சேதத்தின் மதிப்பீடு. இந்த நோயாளிக்குச் சிகிச்சை தரலாமா என்ற முடிவை அந்த நிறம் எடுத்துவிடக் கூடாது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: எப்போது தாக்கியது? பக்கவாதம் வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தூங்கி எழும்போதே அறிகுறியோடு எழுகிறார். நேரம் தெரியாவிட்டால் 4.5 மணி நேரக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும், தாக்கிய நேரம் தெரிந்த சுமார் 800 சி.டி. ஸ்கேன்களைக் கொண்டு ஒரு நிரலைப் பயிற்றுவித்து, சேதத்தின் வயதைப் படத்திலிருந்தே கணிக்க முயன்று நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். 2024-இல் வெளியான இந்த ஆய்வு எதிர்காலத்தில் பலருக்கு உதவக்கூடும்.

இன்றைக்கு அந்த நேரத்தைச் சொல்லக்கூடியவர் வீட்டிலிருப்பவர்தான். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெய் தேய்க்க வேண்டாம், வாயில் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, முதலில் பார்க்கும் மருத்துவரிடம் கொடுங்கள்.